டிரைவர் லைசென்சும் நமது வாலிபர்களும்

(ஐந்தருவியில் கூடிய மோட்டார் தொழிலாளர், வாலிபர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



அருவிக்கரையில் கூட்டம் போட்டுவிட்டு அருவியைப் பற்றிப் பேசாமல் லைசென்ஸைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். அருவியின் அழகைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தவுடன் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் இங்கு வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் தென்காசி ரயிலடியிலிருந்து ஏற்றிக் கொண்டு வந்து, ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் காட்டிவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டு போய் விடுகிறவன் யார்? அவன் கையில் இருக்கும் அந்தச் சிறு அட்டை அவனுக்கு எப்படிக் கிடைத்தது? அது கிடைக்காத அவன் தம்பி ஏன் இன்னும் கிளீனராகவே இருக்கிறான்? இதைப் பற்றிப் பேச மாத்திரம் ஆள் கிடையாது. ஆகவே நாம் இன்று அதையே பேசப் போகின்றோம்.

தோழர்களே! இந்த வட்டாரம் ரோட்டினால் பிழைக்கும் வட்டாரம். செங்கோட்டை 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி வரையில் திருவிதாங்கூரோடு இருந்தது. எல்லை மாறினாலும் வியாபாரம் மாறவில்லை. பாவூர்சத்திரம், சுரண்டை காய்கறி முதல் எத்தனையோ சாமான்கள் இன்றும் புளியரை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகின்றன. லாரி, பஸ், வேன், வாடகைக் கார், ஆட்டோ என்று பல ஆயிரம் குடும்பங்களின் அடுப்பு இந்த ஒரு தொழிலினால் எரிகிறது. அதோடு இந்தத் தொழிலுக்கு ஒரு பெருமையும் உண்டு. பானை செய்ய ஒரு ஜாதி, தோல் பதனிட ஒரு ஜாதி, மணியடிக்க ஒரு ஜாதி என்று எழுதி வைத்தவர்களின் காலத்தில் மோட்டார் இல்லாததால், ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஜாதி என்று எழுதி வைக்க அவர்களால் முடியாமல் போயிற்று. கையும் காலும் கண்ணும் புத்தியும் சரியாக இருந்தால் எவனும் ஓட்டலாம், எவளும் ஓட்டலாம். இப்பேர்ப்பட்ட தொழிலுக்குள் நுழையும் வாசலில் யார் நிற்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்த விதம்

லைசென்ஸ் என்பது ஆதியிலேயே பரீட்சையோடு பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1903-ம் வருஷத்துச் சட்டப்படி 5 ஷில்லிங் கட்டினால் எவனும் லைசென்ஸ் வாங்கலாம். ஓட்டத் தெரியுமா என்று கேட்பாரில்லை. தெருவில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ச் செத்த பிறகுதான், 1935-ல் அங்கு ஓட்டும் பரீட்சை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1914-ல் ஒரு மோட்டார் சட்டமும், பிறகு 1939-ல் ஒரு சட்டமும் வந்தன. இன்று நடைமுறையில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கிறது. 2019-ல் பெரிதாகத் திருத்தப்பட்டது. இதை ஏன் சொல்லுகிறோமென்றால், பணம் கட்டி வாங்கும் சீட்டுக்கும், திறமைக்குக் கொடுக்கும் அத்தாட்சிக்கும் வித்தியாசம் உண்டு என்பதை மேல்நாட்டார் பிணங்களை எண்ணித் தெரிந்து கொண்டார்கள். நாம் அதைச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, நடப்பில் மறுபடியும் 5 ஷில்லிங் காலத்துக்கே போய்க் கொண்டிருக்கிறோம்.

லைசென்ஸ் என்பது ஓர் அதிகாரம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்று பஸ் முதலாளிகள் சிலர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்கள். 1929-ல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்த தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, அப்படி ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அதுவரை சாஸ்திரம் பேசிய முதலாளிகள் அன்று முதல் காசு வாங்கிக் கொண்டு கதவைத் திறந்தார்கள். ஒரு காகிதம் யோக்கியன் கையில் இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

எட்டாம் வகுப்புப் பூட்டு

அதே காகிதம் யோசனையில்லாமல் கையாளப்பட்டால் என்ன செய்யும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 2007-ல் ஒரு விதி செய்தார்கள். லாரி, பஸ் முதலிய வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்கிறவன் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்பது அந்த விதி. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் இந்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேறாதவன் யார்? படிப்பு வேண்டாம் என்று வீம்பு பிடித்தவனா? தகப்பன் கூலிக்குப் போனதால் மாடு மேய்க்கப் போனவன். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டதால் ஓடி வந்தவன். பாட்டன் காலம் முதல் எழுத்தே காட்டப்படாதவன். இவனைப் படிக்க விடாமல் செய்ததும் இந்தச் சமூகம். பிறகு படிக்கவில்லையே என்று வண்டி ஓட்டக் கூடாதென்றதும் இந்தச் சமூகம். காலை ஒடித்துவிட்டு, நடக்கவில்லையே என்று அபராதம் போட்ட கதைதான் இது.

பன்னிரண்டு வருஷம் இந்தப் பூட்டு தொங்கியது. கடைசியில் 2019-ல் மத்திய சர்க்கார் அதை எடுத்துவிட்டது. ஹரியானாவில் மேவாத் பக்கத்து ஏழை ஜனங்கள் வண்டி ஓட்டியே பிழைப்பவர்கள், அவர்களில் அநேகருக்குப் படிப்பில்லை என்று அந்த மாகாண சர்க்கார் எடுத்துச் சொன்னதும், நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் குறைவாயிருக்கிறார்கள் என்ற கணக்கும் சேர்ந்து பூட்டைத் திறந்தன. நியாயம் பேசினபோது திறக்காத கதவு, லாரி ஓட்ட ஆளில்லை என்றதும் திறந்தது. எப்படியானாலும் திறந்தவரையில் நல்லது. எட்டாம் வகுப்பு இல்லை என்று இன்று எவனாவது உங்களைத் திருப்பி அனுப்பினால், அந்த விதி 2019-லேயே செத்துவிட்டது என்று சொல்லுங்கள்.

படிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் அர்த்தம் செய்து கொள்ளக் கூடாது. பெட்ரோல், காஸ், அமிலம் முதலிய ஆபத்தான சாமான் ஏற்றும் டாங்கர் வண்டி ஓட்ட வேண்டுமானால் ஓர் இந்திய பாஷையும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், தனிப் பயிற்சியும் பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அது நியாயம். டாங்கர் கவிழ்ந்தால் அதன்மேல் எழுதியிருப்பதை வாசித்து ஊரைக் காப்பாற்ற வேண்டியவன் அவன்தான். வேலைக்கு அவசியமான படிப்பைக் கேள். ஆளைத் தள்ளுவதற்காகப் படிப்பைக் கேட்காதே என்பதுதான் நமது கட்சி.

வேண்டியவை என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். பெரிய வண்டி ஓட்ட ஆசைப்படும் வாலிபன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, 18 வயதானதும் கார் லைசென்ஸ். அதற்கு முன் எல்.எல்.ஆர். வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகு, ஆறு மாதம் முடிவதற்குள் டெஸ்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது, கார் லைசென்ஸ் கையில் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும். அதன் பிறகுதான் லாரி, பஸ்ஸுக்கு எல்.எல்.ஆர். கொடுப்பார்கள். மூன்றாவது, வாடகை வண்டி எதையும் 20 வயதுக்கு முன் ரோட்டில் ஓட்டக் கூடாது. நாலாவது, டாக்டர் சர்டிபிகேட். கண் பார்வை, சிவப்பு பச்சை நிறம் தெரிவது, மாலைக்கண், காது இவைகளைப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாவது, அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் பழகினதற்கு அத்தாட்சி. பெரிய வண்டிக்கு 30 நாளுக்குக் குறையாமல் பயிற்சியும், அதில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கையில் ஸ்டியரிங்கும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆறாவது, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ஓட்டிக் காட்டுவது.

வாங்கினதோடு தீர்ந்ததா? இல்லை. பெரிய வண்டி லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். முன்பு மூன்று வருஷமாக இருந்ததை 2019-ல் ஐந்தாக்கினார்கள். ஆபத்தான சாமான் ஏற்றும் அனுமதி மூன்று வருஷம். தேதி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் தூங்கிவிட்டால், மறுபடியும் டெஸ்டுக்கு நிற்க வேண்டியதுதான். எத்தனையோ பேர் பிள்ளையின் ஜாதகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தன் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். சோறு போடுவது எது என்று யோசித்துப் பாருங்கள்.

செலவு என்ன?

இப்பொழுது பணக் கணக்கு. 2016 டிசம்பரில் மத்திய சர்க்கார் திருத்திய கட்டண விதிப்படி, எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதன் பரீட்சைக்கு 50 ரூபாய், ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு 300 ரூபாய், லைசென்ஸ் கொடுக்க 200 ரூபாய். ஆகக் கார் லைசென்ஸுக்கு 700 ரூபாய். பிறகு பெரிய வண்டியைச் சேர்க்க எல்.எல்.ஆரும் பரீட்சையும் 200, டெஸ்ட் 300, சேர்ப்பதற்கு 500. ஆக 1,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,700 ரூபாய். மாகாண சர்க்கார் அட்டைக்கும் சேவைக்கும் வாங்குவது இதன்மேல். டாக்டர் கூலி தனி. டிரைவிங் ஸ்கூல் சம்பளம்தான் பெரிய செலவு. அது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், பல ஆயிரம் ஆகும். ஆனால் அது பழக்குவதற்கு வாங்கும் பணம். டீசலுக்கும் வாத்தியாருக்கும் கொடுப்பதை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் வாலிபர்களைக் கேட்டால் இந்த 700-ம் 1,000-மும் அவர்களுக்குத் தெரியாது. "மொத்தமாய் இவ்வளவு ஆகும், ஆளைப் பிடித்தால் முடித்துத் தருவான்" என்று ஒரு தொகை சொல்லுகிறார்கள். சர்க்கார் கேட்பது எவ்வளவு, ஸ்கூலுக்கு எவ்வளவு, நடுவில் நிற்கிறவனுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பதில் கிடையாது. இது நமக்குப் பழகிப்போன வியாதி. கடவுளிடம் நேரே பேச முடியாது, நடுவில் ஒருவன் பாஷை தெரிந்து நிற்க வேண்டும், அவனுக்குத் தட்சிணை வைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கப்பட்டவன், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் அதே மாதிரி ஒரு பூசாரியைத் தேடுகிறான். அங்கே மந்திரம், இங்கே பாரம். இரண்டிலும் இவனுக்குப் புரியக் கூடாது என்பதுதான் தொழில் ரகசியம்.

தோழர்களே! பாரம் ஒன்றும் வேதமல்ல. மனுவும் பணமும் இப்பொழுது இண்டர்நெட்டில் போகின்றன; பணத்துக்கு ரசீது வருகிறது. 2024 முதல் இ-சேவை மையங்களிலும் எல்.எல்.ஆருக்கு மனுப் போட வழி செய்திருக்கிறார்கள். எல்.எல்.ஆர். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். தென்காசி தனி ஜில்லாவாக 2019 நவம்பர் 22-ல் ஏற்பட்டது, டி.என். 76 என்று உங்கள் வண்டியில் எழுதியிருக்கும் ஆபீஸ் தென்காசியிலேயே இருக்கிறது. நேரே போங்கள். தெரியாததைக் கேளுங்கள். நாலு பேராய்ச் சேர்ந்து போங்கள். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். வாடகைக் கார், சிறு லோடு வண்டி ஓட்டவும் தனி லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லிப் பணம் வாங்குவது வெகுகாலமாக நடந்து வந்தது. மொத்தம் 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. வழக்கு ஐந்து ஜட்ஜுகள் முன் போயிற்று. அவர்களும் 2024 நவம்பர் 6-ந் தேதி அதுவே சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆபத்தான சாமான் ஏற்றும் வண்டி, ஈ-ரிக்ஷா முதலியவைகளுக்குத் தனி நிபந்தனை உண்டு. சீசனில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும். 

குறுக்கு வழியின் விலை

"லைசென்ஸ் இல்லாமலே பத்து வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லுகிறோம். 2019-க்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்த முதலாளிக்கும் அதே தண்டனை உண்டு. 18 வயது ஆகாத பையன் ஓட்டினால் அவன் தகப்பனுக்கோ வண்டிக்காரனுக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மகனுக்குச் செல்லமாகச் சாவி கொடுக்கும் தகப்பன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அபராதம்கூடப் பெரிதல்ல. ஒரு மனிதன் அடிபட்டுச் செத்தால் என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறோமே என்று நினைக்கிறான். ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இல்லை, சொந்தக்காரன் அது தெரிந்தே வண்டியைக் கொடுத்தான் என்று ஏற்பட்டால், செத்தவன் குடும்பத்துக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரனிடம் வசூல் செய்யலாம் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொகை லட்சக்கணக்கில் இருக்கும். கடன் வாங்கி ஒரே ஒரு வேன் வைத்திருப்பவன் எங்கே போவான்? வீடு போகும், நிலம் போகும். 1,700 ரூபாய்க்கும் ஒரு மாதப் பயிற்சிக்கும் சோம்பல் பட்டவன் தலைமுறைச் சொத்தை வைத்துச் சூதாடுகிறான் என்றுதான் சொல்ல வேண்டும்.

லாரி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. டிரைவருக்குத் தூக்கமில்லாமல் வேலை கொடுத்து, அவன் கண் அயர்ந்தவுடன் கிளீனர் பையன் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். புளியரை மலைவளைவில் நடு ராத்திரியில், பத்து டன் பாரத்தோடு, லைசென்ஸ் இல்லாத சிறுவன்! 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டமே நாள் ஒன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. அந்தக் கிளீனருக்கு ஸ்கூல் சம்பளம் கட்டி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தால் முதலாளிக்கு இரண்டாவது டிரைவர் கிடைப்பான். பையனுக்கு வாழ்வு கிடைக்கும். ரோட்டில் போகிறவனுக்கு உயிர் கிடைக்கும். இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்கின்றோம்.

எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

மலை ஏறுமுன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். முன்னால் மிளகாயும் பழமும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆயுத பூஜையன்று வண்டிக்கே பொட்டு வைக்கிறார்கள். அதே வண்டியில் பிரேக் எண்ணெய் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று, டயர் தேய்ந்திருக்கிறதா, பின் விளக்கு எரிகிறதா என்று கேட்டால், "சாமி பார்த்துக் கொள்ளும்" என்கிறார்கள். பழம் நசுங்கினால் திருஷ்டி கழியும் என்பது உண்மையானால், சர்க்கார் டெஸ்டு வைப்பானேன்? ஆளுக்கு ஒரு பழம் கொடுத்து அனுப்பிவிடலாமே! டாக்டரிடம் பொய் சர்டிபிகேட் வாங்குகிறவனும் இதே புத்திக்காரன்தான். மாலைக்கண் இருப்பதைக் காகிதத்தில் மறைத்துவிடலாம். எதிரே வரும் பஸ்ஸுக்கு மறைக்க முடியுமா?

பெண்களும் வரவேண்டும்

இந்தக் கூட்டத்தில் பெண்கள் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். லைசென்ஸ் சட்டத்தில் ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று ஒன்றும் கிடையாது. நமக்குப் பக்கத்துக் கன்னியாகுமரி ஜில்லாவில் 1993-ல் தோழர் வசந்தகுமாரி அரசாங்க பஸ் டிரைவராக நியமனம் பெற்று, ஆண்களைப் போலவே நாகர்கோவில் ரோட்டில் பஸ் ஓட்டினார். அந்த அம்மாள் ஓட்டினதால் பஸ்ஸும் தீட்டுப்படவில்லை, ரோடும் குடைசாயவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நம் ஊர்களில் எத்தனை பெண்கள் பெரிய வண்டி லைசென்ஸ் வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாயிருக்கிறது. மகளுக்கு நகை செய்வதில் பத்தில் ஒரு பங்கு போட்டால் அவளுக்கு லைசென்ஸ் வாங்கிவிடலாம். நகையைத் திருடன் எடுத்துக் கொண்டு போவான், மாமியார் வாங்கி வைத்துக் கொள்ளுவாள். கையில் இருக்கும் தொழிலை எவனும் கழற்ற முடியாது.

உத்தியோகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2025-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் டிரைவரும் கண்டக்டருமாக வேலை செய்ய 3,274 பேர் வேண்டும் என்று விளம்பரம் செய்தன. அதற்குப் பெரிய வண்டி லைசென்ஸோடு 18 மாத அனுபவமும், பத்தாம் வகுப்பும், 160 சென்டிமீட்டர் உயரமும் கேட்டார்கள். அதாவது லைசென்ஸுக்குப் படிப்பு வேண்டாம். சர்க்கார் பஸ்ஸுக்குப் படிப்பு வேண்டும். ஆகையால் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று பையன்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். பத்தாவது முடித்தவன் அரசாங்க பஸ்ஸில் பென்ஷனைப் பற்றி யோசிப்பான். முடிக்காதவன் அடுத்தவன் லாரியில் படியைப் பற்றியே யோசிப்பான். படிக்காமல் வளர்ந்துவிட்டவனுக்கு வாசல் திறந்திருக்க வேண்டும். இனி வளரும் பிள்ளை படிக்கவே வேண்டும். இரண்டையும் சேர்த்தே நாம் சொல்லுகிறோம்.

முடிவாக, இங்கு வந்திருக்கும் ஒவ்வொரு ஊர்த் தோழர்களும் மூன்று காரியம் செய்ய வேண்டும். வாசகசாலையிலோ டீக்கடையிலோ சர்க்கார் கட்டணத்தை ஓர் அட்டையில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து, ரோட்டு விதிகளையும் அடையாளங்களையும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். மனுப் போட உதவி செய்யுங்கள். அதற்கு ஒரு காசும் வாங்காதீர்கள். அடுத்த சாரலுக்குள் உங்கள் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் ஸ்டியரிங் பிடிக்கும் ஆள் ஒருவன்கூட இல்லை என்று செய்து காட்டுங்கள். இது பெரிய புரட்சி அல்ல என்று சிலர் சிரிக்கலாம். புரோக்கர் இல்லாமல் ஒரு காரியத்தை முடித்துக் கொண்டவன், அடுத்த காரியத்துக்கும் புரோக்கர் எதற்கு என்று கேட்க ஆரம்பிப்பான். அந்தக் கேள்வி ஒன்று போதும். மற்றவை தானே வரும்.